நூற்று மூன்று டிகிரி

பழையகாயல் தாண்டி, சாலையின் இருபுறமும் உப்பளம் வெள்ளையாக விரியத் தொடங்கிய இடத்தில் செல்வினின் போன் நான்காவது முறையாக அடித்தது. திரையில் 'இன்பமணி அத்தை' என்று இருந்தது.

"எடுக்காதீங்க," என்றாள் ஜாய்.

"எடுக்கலன்னா அடிச்சிக்கிட்டே இருப்பாவ."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில பிளைட் ஏறி, நாம புனேயில போய் இறங்குற வரைக்கும் அடிக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

செல்வின் வண்டியை ஓரம் கட்டினான். போன் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு ஐந்தாவது முறை அடிக்க ஆரம்பித்தது.

ஜாய் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. தேனிலவுக்குக் கொடைக்கானல் போனார்கள். அப்போது கொடைக்கானல் நல்ல குளிராக இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு ஒரு பெரியப்பா, ஒரு சித்தி, சித்தியின் இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் அதே வேனில் ஏறிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை வேனிலிருந்து யாரும் இறங்கவில்லை என்பது ஜாயின் கருத்து. புனேயில் அவர்கள் வீட்டு ஹாலில் எப்போதும் ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவர் பாய் விரித்திருப்பார். ஒருவருக்கு இண்டர்வியூ, ஒருவருக்குக் கண் ஆபரேஷன், ஒருவருக்குச் சும்மா மனசு சரியில்லை.

இந்தப் பயணமாவது இரண்டு பேர் மட்டும் என்று முடிவு செய்து, மகனை ஜாயின் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, கடலை ஒட்டியே கன்னியாகுமரி, உவரி, மணப்பாடு என்று வந்து, தூத்துக்குடியில் கடைசி இரவு. நான்கு இரவுக்கும் நான்கு ஓட்டலில் அறை போட்டு, எக்ஸெல்லில் கலர் கலராகக் கட்டம் கட்டி வைத்திருந்தான் செல்வின். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, விமானத்தை விட்டு இறங்கிய கையோடு இரண்டு பேரும் சிரிக்கும் படம் ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான்.

முதல் இரவு கன்னியாகுமரி ஓட்டலுக்கே நாகர்கோவில் சித்தி வந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது இரவு திசையன்விளையில் அப்பாவின் பழைய நண்பர் வீடு. மூன்றாவது இரவு நாசரேத்தில் பெரியம்மா வீடு. மூன்று இரவும் செல்வின் ஆண்களோடு மாடியில் படுத்தான், ஜாய் பெண்களோடு ஹாலில் படுத்தாள். இரண்டு பேரும் காலையில் காப்பி குடிக்கும்போது சந்தித்துக்கொண்டார்கள்.

இன்று காலை மணப்பாட்டில், கடலுக்கு மேல் குன்றில் நிற்கிற கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துதான் ஜாய் அதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் செல்வின் சமாளித்திருப்பான். அவள் நிதானமாகச் சொன்னாள்.

"உங்ககிட்டப் பேசணும்னு ஒவ்வொண்ணா மனசுல எடுத்து வைக்கேன். பேச இடமில்லாம அதுல பாதி மறந்தே போகுது. இன்னைக்கு ஒரு ராத்திரியாவது நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கணும். இன்னைக்கும் ஆள் வந்தா, இனிமே நான் உங்ககூட எங்கயும் வரமாட்டேன். நீங்க உங்க ஆளுகளோட போய்ட்டு வாங்க."

செல்வினுக்குப் பயமாக இருந்தது. அவள் செய்யமாட்டாள் என்று அவனால் நினைக்க முடியவில்லை.

அதனால்தான் மணப்பாட்டிலிருந்து கிளம்பும்போதே நாசரேத்துக்குப் போன் போட்டு, இன்றைக்கு மாலையே விமானம் என்று ஒரு சின்னப் பொய் சொல்லி வைத்திருந்தான். மதியம் தூத்துக்குடி தாண்டிப் போய்விட்டார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. மதியச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதை அவன் யோசிக்கவில்லை.

ஐந்தாவது அழைப்பை எடுத்தான்.

"ஏலே மருமவனே, எங்கன வாரீய?"

"பழையகாயல் தாண்டியாச்சு அத்தை."

"நல்லதாப் போச்சு. சாத்தான்குளத்துல இருந்து எல்லாரும் வேன் பிடிச்சு வந்திருக்காவ. பதினெட்டு பேரு. உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எலையில கை வைப்போம்னு ஒக்காந்திருக்காவ. சீலா மீன் கொழம்பு வச்சிருக்கேன். நண்டு வச்சிருக்கேன். பிளைட் சாயங்காலந்தான, சாப்பிட்டுட்டுச் சாவகாசமாப் போலாம்."

தூத்துக்குடியில் அத்தை வீட்டில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது செல்வினுக்குத் தெரியும். சாவகாசம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மறுநாள் என்று அர்த்தம். ஜாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஜாய்க்குக் காய்ச்சல்."

கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்த ஜாய் மெல்லுவதை நிறுத்தினாள்.

"காய்ச்சலா? எத்தனை டிகிரி?"

செல்வினுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கிளைம் கேட்டு வருகிறவர்கள் சொல்வதில் எது நிஜம், எது கதை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவனுடைய பிரிவு. துல்லியமாக ஒரு எண்ணைச் சொன்னால் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள் என்பது பதினேழு வருஷ அனுபவத்தில் அவன் கற்றது.

"நூத்தி மூணு."

"நூத்தி மூணா," என்றாள் அத்தை, மெதுவாக. பின்னால் பதினெட்டு பேர் பேசும் சத்தம் கேட்டது. யாரோ அப்பளம் கேட்டார்கள். "எதுல பாத்தீய?"

"வண்டியிலயே தெர்மாமீட்டர் இருக்கு அத்தை."

"வாடகைக் கார்லயா?"

"இப்பல்லாம் குடுக்காவ அத்தை."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பாத்துக் கூட்டிட்டுப் போ. நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்," என்று போனை வைத்துவிட்டாள். இன்பமணி அத்தை எந்தப் போனையும் இருபது நிமிடத்துக்குள் வைத்ததாகச் சரித்திரம் கிடையாது. முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். மணி அடித்தாலும் நிறுத்தாதவள். செல்வினுக்கு லேசாக உறுத்தியது.

"காய்ச்சல் எனக்குத்தான் வரணுமா? உங்களுக்கு வந்தா ஆகாதா?" என்றாள் ஜாய்.

"நான் வண்டி ஓட்டுதேன்லா."

வண்டியைக் கிளப்புவதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. அத்தையின் மருமகள் ஸ்டெபி, நர்ஸ்.

"அண்ணன், மைனிக்கு நூத்தி மூணாமே. குளிர் இருக்கா? வாந்தி? ஒடம்புல எங்கயாவது தடிப்பு?"

செல்வின் ஜாயைப் பார்த்தான். அவள் விரலில் ஒட்டிய வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

"கையில லேசா இருக்கும்மா."

"அப்போ விடக்கூடாது அண்ணன். எங்க ஆஸ்பத்திரியில பெட்டுக்குச் சொல்லிட்டேன். நேரா இங்க வந்திருங்க."

"இல்லம்மா, ஏர்போர்ட்டுக்குள்ள வந்தாச்சு. செக்யூரிட்டி எல்லாம் முடிஞ்சிட்டு. இனி வெளிய விடமாட்டாவ."

"அஞ்சு நிமிசத்துக்கு முந்தி பழையகாயல்னு அத்தை சொன்னாவளே?"

"ரோடு காலியா இருந்துச்சு."

இந்த பதிலோடு ஒருவன் அவன் மேஜைக்கு வந்திருந்தால், அடுத்த கேள்வியே கேட்காமல் கிளைமை நிராகரித்துக் கடிதம் அடித்திருப்பான். ஸ்டெபி நல்ல பிள்ளை. நம்பினாள். நம்பியதை உடனே தன் கணவன் ஜெபசீலனிடமும் சொல்லிவிட்டாள்.

"அத்தான், பிளைட் எத்தனை மணிக்கு?" என்றான் ஜெபசீலன், அடுத்த அழைப்பில்.

"மூணு."

"இப்போ ஒண்ணே கால்தான். வேன் வாசல்லயே நிக்கி. நாங்க எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வாரோம். உள்ள விடலன்னா கண்ணாடி வழியா மைனியப் பாத்துட்டு, வெளிய நின்னு ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்திருதோம்."

"பிளைட் கேன்சல், மாப்ள." அதற்குள் அவன் வாய்க்கு வேகம் வந்திருந்தது.

"அப்போ நல்லதாப் போச்சு, வீட்டுக்கு வாங்க."

"எங்கள எல்லாரயும் பஸ்ஸுல ஏத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போறாவ. அங்கருந்து வேற பிளைட்டு. பஸ் கெளம்பிட்டு."

"எட்டயபுரம் வழியாத்தான போவும்? நம்ம வேன் டிரைவர் கெட்டிக்காரரு. எட்டயபுரத்துக்கிட்ட வச்சு மறிச்சிருவாரு."

"எட்டயபுரம் தாண்டியாச்சு."

"அதுக்குள்ளயா?"

"ஓட்டுறவன் கொஞ்சம் வேகம்."

ஜெபசீலன் குரல் கம்மியது. "தடிப்போட, நூத்தி மூணு டிகிரியோட, அந்த வேகத்துல போற பஸ்ஸுல மைனிய விட்டுட்டு நாங்க எப்படி அத்தான் நண்டு சாப்பிட முடியும்? மதுரை ஏர்போர்ட்டுக்கே வந்திருதோம். ஏலே, எல்லாரும் ஏறுங்கல வேன்ல."

செல்வின் போனை அணைத்து, டேஷ்போர்டுக்குள் போட்டு மூடினான். வாடகைக் கார் உப்பளங்களுக்கு நடுவே மெதுவாகத் தூத்துக்குடிக்குள் நுழைந்தது.

கடற்கரைச் சாலையில் இருந்தது ஓட்டல். வரவேற்பில் நின்ற ஆள் டை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். சட்டையில் ஷாம் என்று பெயர் குத்தியிருந்தது. செல்வினின் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க இன்பமணி டீச்சரோட மருமவன்லா?"

செல்வின் ஆதார் அட்டைக்குக் கை நீட்டினான்.

"டீச்சரும் நானும் ஒரே சபை. உங்க பயணத்துக்காக ஞாயித்துக்கெழம ஜெபக்குறிப்பு குடுத்தாவ. உங்க ரெண்டு பேரு போட்டோவயும் பாடகர் குழுவுல எல்லாருக்கும் காட்டுனாவ." ஷாம் குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கு ரொம்ப முடியலன்னு இப்பந்தான் சபை குரூப்புல வந்துச்சு. எப்படி இருக்காவ?"

சரியாக அந்த நேரம் பார்த்து, மீன் தொட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜாய் திரும்பி, "இங்க ரூமுக்கு ஐஸ்கிரீம் கொண்டு வந்து தருவீங்களா?" என்று கேட்டாள்.

செல்வின் ஷாமை ஓரமாக அழைத்துப் போனான். பதினான்கு வருஷம், கொடைக்கானல் வேன், மணப்பாடு படிக்கட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான். அன்று அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். ஷாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"வெளங்குது அண்ணாச்சி. நானாப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனா டீச்சர் கேட்டா பொய் சொல்லமாட்டேன். ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை எடுக்கேன். தவிர, எனக்கே ஆறாம் கிளாஸ் எடுத்தவங்க அவங்க."

"டீச்சர் எதுக்கு இங்க கேக்கப் போறாவ," என்றான் செல்வின்.

அறை மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே கடல். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்களும், உள்ளே வர முறை பார்த்து நிற்கும் கப்பல்களும் தெரிந்தன. ஜாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சொன்ன பொய்களுக்கெல்லாம் கூலி கிடைத்துவிட்டதாகச் செல்வின் நினைத்தான்.

அத்தோடு போனைத் தொடாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஜாய் குளிக்கப் போனதும் எடுத்து உயிர் கொடுத்தான். குடும்பக் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று செய்திகள்.

ஒன்று ஐம்பதுக்கு ஜெபசீலன் வேனுக்குள்ளிருந்து ஒரு படம் போட்டிருந்தான். பதினெட்டு பேரும் துக்க முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் மட்டும் நண்டுப் பாத்திரம் இருந்தது. 'மதுரைக்குக் கிளம்பிவிட்டோம்.'

இரண்டு மணிக்கு இன்பமணி அத்தையின் செய்தி: 'செல்வினுக்காகவும் ஜாய்க்காகவும் இன்று மாலை ஆறு மணி முதல் நாளைக் காலை ஆறு மணி வரை சங்கிலி ஜெபம். ஆளுக்கு அரை மணி நேரம். அவரவர் வீட்டில், அவரவர் அறையில், முழங்காலில். ஜெபம் முடியும் வரை யாரும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நடுவில் யாருக்கும் போன் செய்யவும் கூடாது.' கீழே இருபத்துநான்கு வரிசை, இருபத்துநான்கு நேரம். பள்ளிக்கூட டைம்டேபிள் மாதிரி இருந்தது.

இரண்டே காலுக்கு ஜெபசீலன்: 'அம்மா சொன்னதால் வேன் திரும்புகிறது. எல்லாரும் சாத்தான்குளம் போகிறார்கள்.'

செல்வின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். வேன் மதுரைக்குப் போயிருந்தால் கூட, ஒரு அலைச்சல் என்று விட்டிருக்கலாம். இப்போது இருபதுக்கு மேல் ஆட்கள், அதில் பாதிப் பேர் முட்டி தேய்ந்த வயசாளிகள், இல்லாத காய்ச்சலுக்காக விடிய விடிய முழங்காலில் நிற்கப் போகிறார்கள். பெரியப்பா இரவுச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பதாக எழுதியிருந்தார். பெரியப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. புனேயிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் சுந்தரராஜ் எழுதியிருந்தார்: 'ராத்திரி பதினொரு மணிக்கு நான் புனே ஏர்போர்ட்டில் நிற்கிறேன். வீல்சேருக்குச் சொல்லியாச்சு.'

இதை மட்டும் சரி செய்துவிட்டால் போதும் என்று செல்வின் நினைத்தான். 'சென்னை வந்துவிட்டோம். இன்று பறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். அண்ணன் வர வேண்டாம்,' என்று தட்டி அனுப்பினான்.

'எந்த ஆஸ்பத்திரி? நான் பக்கத்தில்தான் இருக்கேன்,' என்று அரை நிமிடத்தில் கேட்டார் அண்ணா நகர் சித்தப்பா.

'பார்வையாளர்களை விடமாட்டார்கள் சித்தப்பா.'

அனுப்பிய பிறகுதான் அதன் பொருள் அவனுக்கே புரிந்தது. பார்வையாளர்களை எங்கே விடமாட்டார்கள் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து திரையை நிறைத்தன. யாரோ அழுதுகொண்டே குரல் பதிவு அனுப்பினார்கள். ஸ்டெபி டெங்கு பற்றி ஒரு நீளக் கட்டுரையைப் போட்டாள். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடப் போவதாக எழுதினார்.

அப்போது அத்தையிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. 'யாரும் எங்கும் போக வேண்டாம். சித்தப்பாவுக்கு ஆறரை முதல் ஏழு. சுந்தரராஜுக்குப் பத்தரை முதல் பதினொன்று. எட்டரை முதல் ஒன்பது செல்வினும் ஜாயும், சேர்ந்து.'

குழு அடங்கிவிட்டது. வகுப்பறையில் பிரம்பு மேஜை மேல் பட்டதும் அடங்குமே, அப்படி.

குளித்துவிட்டு வந்த ஜாய், அவன் முகத்தைப் பார்த்துப் போனைப் பிடுங்கினாள். அறைக்கு வந்திருந்த ஐஸ்கிரீமைத் தின்றபடி மேலிருந்து கீழ்வரை படித்தாள். சிரிக்கப் போகிறாளா, போனைக் கடலில் எறியப் போகிறாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் ஐசியுவுல இருக்கேனா?"

"அவங்களா நெனச்சுக்கிட்டாவ."

"பெரியப்பா எனக்காகப் பட்டினி கெடக்காவ. நான் ஐஸ்கிரீம் தின்னுட்டு இருக்கேன்." அவள் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். "ஜன்னல் திரைய இழுத்து மூடுங்க. கீழ ரோட்டுல யாராவது நம்ம ஆளு போவான். ஐசியுவுல இருக்கிறவ ஜன்னல்ல நின்னு கடல் பாக்கான்னு போட்டோ எடுத்துப் போட்டாலும் போடுவான்."

ஆக, கடல் தெரியும் அறைதான் வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்து வாங்கிய அறையில், திரையை இழுத்து மூடிவிட்டு இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரையில் காலாற நடப்பது என்று எக்ஸெல்லில் பச்சைக் கட்டத்தில் இருந்தது. நடக்கவில்லை. பொரித்த பரோட்டாவை அறைக்கே வரவழைத்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தார்கள். நல்ல முறுகலாக, மணமாக இருந்தது. பெரியப்பா ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு துண்டு பிட்டுத் தின்றுவிட்டு மூடி வைத்தார்கள்.

எட்டே முக்கால் வரை செல்வின் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி நடித்தான். அதற்கு மேல் முடியவில்லை. அவன் வளர்ந்த வீட்டில் எதை விட்டாலும் சங்கிலி ஜெபத்தில் தன் கண்ணியை யாரும் அறுத்துவிட்டுப் போனது கிடையாது. கட்டிலை விட்டு இறங்கி முழங்கால் போட்டான்.

"என்ன செய்யுதீங்க?"

"நம்ம டைம்."

கண்ணை மூடினான். "அன்பின் ஆண்டவரே, ஜாயின் காய்ச்சலை," என்று ஆரம்பித்தான். வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. அத்தையிடம், ஸ்டெபியிடம், ஜெபசீலனிடம் தடங்கலில்லாமல் ஓடிய நாக்கு இங்கே நின்றுவிட்டது. பிறகு வேறு குரலில் பேசினான்.

"காய்ச்சல் இல்ல ஆண்டவரே. உமக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். எனக்கு யார்கிட்டயும் வேண்டாம்னு சொல்லத் தெரியல. வாராவளா, வரட்டும். இருக்காவளா, இருக்கட்டும். அது என் நல்ல குணம்னு நெனச்சேன். ஆனா பதினாலு வருசமா ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் நான் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். இப்போ வேண்டாம், அப்புறம் பேசுவோம், ஹால்ல ஆள் இருக்குன்னு. அவகிட்ட மட்டும். என்ன மன்னியும்."

பக்கத்தில் கட்டில் முனகியது. ஜாய் இறங்கி அவன் தோளை ஒட்டி முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே," என்றாள் அவளும். "இவரு சொன்னது எல்லாம் நிஜம். அந்த மதுரை பஸ்ஸ மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டியிருக்கலாம்."

செல்வினுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. முழங்காலில் நின்றபடியே இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"ஸ்கூல்ல என்னைய வைஸ் பிரின்சிபால் ஆக்கட்டுமான்னு கேட்டிருக்காவ," என்றாள். "மூணு வாரம் ஆச்சு. திங்கட்கிழமை பதில் சொல்லணும். வீட்டுல ஒரு நாளாவது தனியா உங்ககிட்டச் சொல்லலாம்னு பாத்தேன்."

மூன்று வாரம். மூன்று வாரமாக ஹாலில் யார் பாய் விரித்திருந்தார்கள் என்று யோசித்தான். முகம் கூட ஞாபகம் வரவில்லை.

அவன் எழுந்து போய்த் திரையை விலக்கினான். துறைமுகத்தின் விளக்குகள் தண்ணீரில் கிடந்தன. யாராவது போட்டோ எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னான். ஆறிய பரோட்டாவைப் பிரித்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள், அவனைப் பற்றிய குறைகளைக் கூட வரிசையாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கதவை யாரும் தட்டவில்லை. போன் ஒரு தடவை கூட அடிக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் இது நடந்ததே இல்லை.

காலையில் தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளம் விமான நிலைய வாசலில் வாடகைக் காரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பியபோது, நுழைவாயில் பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு துணிப்பையுமாக தேவதாசன் மாமா நின்றுகொண்டிருந்தார். இன்பமணி அத்தையின் கணவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்க மட்டும் வாய் திறப்பவர், மீதிப் பேச்சை அத்தை பார்த்துக்கொள்வாள்.

செல்வினின் கால் அங்கேயே நின்றுவிட்டது. சென்னையில் ஐசியுவில் இருக்க வேண்டிய ஜாய், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு பெட்டியை உருட்டியபடி மாமாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஷாம்தான் பிளைட் நேரம் சொன்னான்," என்றார் மாமா. பையை ஜாயிடம் நீட்டினார். "மக்ரூன் இருக்கும்மா. பொரிச்ச மீனும் வச்சிருக்கா. அவளுக்குக் கடைசி அரை மணி. ஆறு மணி வரைக்கும் முழங்கால்ல இருந்துட்டு இப்பந்தான் படுத்தா."

"மாமா," என்றான் செல்வின். "ராத்திரி எல்லாரும் ஜெபம் பண்ணுனதுல காய்ச்சல் நல்லா—"

"போதுங்க," என்றாள் ஜாய்.

போதும்தான். செல்வின் கைப்பையைக் கீழே வைத்தான்.

"காய்ச்சலே இல்ல மாமா. பஸ்ஸும் இல்ல, மதுரையும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்யி. ஒரு ராத்திரி ரெண்டு பேரும் தனியா இருக்கணும்னு சொன்னேன். அதுக்காக இருபதுக்கு மேல ஆளுக ராத்திரி பூரா முட்டங்கால் போட்டிருக்காவ. பெரியப்பா பட்டினி. நான் இனி அத்தை மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மாமா முகத்தில் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"முப்பத்திநாலு வருசம் லீவு லெட்டர் வாசிச்சவலே அவ. நீ நூத்தி மூணுன்னு சொன்னப்பவே போனப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சா அப்புறம் எதுக்கு மாமா, இல்லாத காய்ச்சலுக்கு விடிய விடிய ஜெபம்?"

"காய்ச்சலுக்குன்னு அவ எங்கலே எழுதுனா? வேன்ல ஏறி ஒக்காந்த பதினெட்டு பேரயும் எறக்கி, விடியிற வரைக்கும் ஒருத்தனும் ஒங்க கதவத் தட்டாம பிடிச்சு வைக்கதுக்கு, இந்தக் குடும்பத்துல வேற என்ன வழி இருக்கு?"